நூற்றில் நாற்பது தடுக்கலாம் என்கிறார்களே, எந்த நாற்பது?

கேள்வி: நான் கடலூர் முதுநகருக்குத் தெற்கே, சிப்காட்டை ஒட்டிய பகுதியில் இருக்கிறேன். அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. வயது 41. என் மாமனார் வாய்ப் புற்றுநோயில் இறந்தார். அவருக்குப் புகையிலையும் உண்டு, குடியும் உண்டு. என் அக்காவுக்கு 46 வயது. போன வருடம் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்து ஜிப்மரில் வைத்தியம் நடக்கிறது. அவருக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது. எங்கள் பள்ளிக்குப் பேச வந்த ஒருவர், "நூற்றில் நாற்பது புற்றுநோய் தடுக்கக்கூடியது" என்றார். அதை நான் வீட்டில் சொல்லப்போய், "அப்போ நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று அக்கா கேட்டுக்கொண்டே இருக்கிறார். இந்த நாற்பதை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்? அக்கா அந்த நாற்பதில் வருவாரா, மீதி அறுபதிலா? இன்னொன்று. எங்கள் தெருவில் 120 வீடுகள். பத்து வருடத்தில் ஆறு பேருக்கு வந்துவிட்டது. சிப்காட் பக்கம் இருப்பவர்களுக்கு ஆபத்து 2000 மடங்கு என்று பேப்பரிலேயே வந்தது. அப்படி இருக்கும்போது புகையிலையை மட்டும் குறை சொல்வது நியாயமா? என் கணவர் "எல்லாம் தலையெழுத்து" என்று சொல்லிக்கொண்டே ஹான்ஸ் புகையிலைப் பாக்கெட்டைப் பிரிக்கிறார். எங்களுக்கு 13 வயதில் ஒரு மகள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அக்கா ஒரு தப்பும் செய்யவில்லை. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. அந்த நாற்பது எப்படிக் கிடைத்தது என்று பார்த்தால், அதைக் காட்டி எந்தத் தனி மனிதரிடமும் "இது உன்னால் வந்தது" என்று சொல்ல முடியாது என்பது உங்களுக்கே புரிந்துவிடும். நீங்கள் கணக்கு டீச்சர், அதனால் கணக்கையே போட்டுவிடுவோம்.

ஓர் ஊரில் 10,000 பெரியவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,000 பேருக்குப் புகையிலைப் பழக்கம் உண்டு, 8,000 பேருக்கு இல்லை. ஐந்தில் ஒருவர் என்று நானாக எடுக்கவில்லை. 2016-17-ல் நடந்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பெரியவர்களில் ஐந்தில் ஒருவர் ஏதாவது ஒரு வடிவத்தில் புகையிலை பயன்படுத்துவதாகத்தான் வந்தது. மற்ற எண்கள் கணக்கு சுலபமாக வர நான் வைத்தவை. பழக்கம் இல்லாதவர்களில் சில வருடங்களில் ஆயிரத்துக்கு ஒருவருக்கு வாய்ப் புற்றுநோய் வருகிறது என்றால், 8,000 பேரில் 8 பேர். பழக்கம் உள்ளவர்களுக்கு ஆபத்து ஐந்து மடங்கு என்றால், 2,000 பேரில் 10 பேர். ஊரில் மொத்தம் 18 நோயாளிகள்.

இப்போது அந்த ஊருக்குள் புகையிலையே வந்ததில்லை என்று வையுங்கள். அந்த 2,000 பேருக்கும் ஆயிரத்துக்கு ஒன்றுதான். 10 பேர் இருந்த இடத்தில் 2 பேர். மொத்தம் 18 என்பது 10 ஆகியிருக்கும். குறைந்த 8-ஐ 18-ஆல் வகுத்தால் 44 சதவீதம். "தடுக்கக்கூடியது" என்று மேடையில் சொல்வது இந்த 8-ஐத்தான்.

அந்த 10 பேரை இன்னொரு முறை பாருங்கள். புகையிலை இல்லாவிட்டாலும் அவர்களில் 2 பேருக்கு வந்திருக்கும். எந்த 2 பேர்? சொல்ல முடியாது. பயாப்சி ரிப்போர்ட்டில் அது எழுதியிருக்காது. பத்துப் பேரும் ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருப்பார்கள், யாருக்குப் புகையிலையால் வந்தது, யாருக்கு எப்படியும் வந்திருக்கும் என்று எந்த டாக்டராலும் பிரித்துக் காட்ட முடியாது. எண்ணிக்கை தெரியும், ஆள் தெரியாது. அதனால் "அக்கா எதில் வருவார்" என்ற கேள்விக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. ஊருக்குப் போட்ட கணக்கு இது. ஊரில் எந்தப் பழக்கத்தைக் குறைத்தால் எத்தனை பேர் ஆஸ்பத்திரிக்கு வராமல் இருப்பார்கள் என்று கேட்டால் பதில் சொல்லும். படுக்கையில் இருப்பவரிடம் குற்றம் கண்டுபிடிக்க அதைக் கொண்டுபோகவே கூடாது.

இந்தக் கணக்கை முதலில் எழுதிக் காட்டியவர் மார்ட்டன் லெவின் என்ற அமெரிக்கர், 1953-ல். இரண்டே எண் வேண்டும்: எத்தனை பேரிடம் அந்தப் பழக்கம் இருக்கிறது, இருந்தால் ஆபத்து எத்தனை மடங்கு. முதல் எண்ணை மட்டும் மாற்றிப் பாருங்கள். அதே ஊரில் பாதிப் பேர், அதாவது 5,000 பேர் புகையிலை போட்டால் அவர்களில் 25 பேர், மற்றவர்களில் 5 பேர், ஆக 30 நோயாளிகள். அதில் 20 பேருடையது தவிர்த்திருக்கக்கூடியது. 44 சதவீதம் 67 ஆகிவிட்டது. புகையிலையின் விஷம் துளிகூடக் கூடவில்லை, போடுகிறவர்கள்தான் கூடினார்கள். ஒரு நாட்டுக்குப் போட்ட சதவீதத்தை அப்படியே தூக்கிவந்து இன்னொரு நாட்டில் வைக்க முடியாது என்பது இதனால்தான்.

உங்கள் பள்ளியில் பேசியவர் சொன்ன நாற்பது தவறில்லை. உலக சுகாதார நிறுவனம் 30 முதல் 50 சதவீதம் என்கிறது. பிரிட்டனில் 2015-ம் ஆண்டு நோயாளிகளை வைத்துப் போட்ட கணக்கில் ஏறக்குறைய 38 வந்தது. உலக அளவில் 2019-ம் ஆண்டுப் புற்றுநோய் மரணங்களை எடுத்தபோது 44, அதிலும் ஆண்களுக்கு 50-ஐ ஒட்டி, பெண்களுக்கு 36. மரணத்தை எண்ணினால் சதவீதம் கூடத்தான் செய்யும். புகையிலையால் வரும் நுரையீரல் புற்றுநோய் போன்றவை ஆளைக் கொல்வதும் அதிகம் இல்லையா? ஆனால் பிரிட்டன் பட்டியலில் புகையிலைக்கு அடுத்த இடம் உடல் பருமனுக்கு. நம் ஊரில் நான் அந்த வரிசையில் பேச மாட்டேன். வாயில் ஒதுக்கும் புகையிலை, பாக்கு, குடி, அப்புறம் கிருமியால் வரும் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய். இங்கே முதலில் நிற்பவை இவைதான். இந்தியாவில் 2022-ல் புதிதாக வந்ததாக மதிப்பிட்ட சுமார் 14 லட்சம் புற்றுநோய்களில் மார்பகம் முதலிடம், அடுத்து வாய், மூன்றாவது கர்ப்பப்பைவாய். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் பெரும்பகுதி தடுக்கக்கூடியது. எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான்.

புற்றுநோய் தவிர்க்கக்கூடியது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்ல உதவும். ஜப்பானில் வயிற்றுப் புற்றுநோய் அதிகம், மார்பகப் புற்றுநோய் குறைவு. அங்கிருந்து ஹவாய்க்கும் அமெரிக்காவுக்கும் குடியேறிய குடும்பங்களில் ஒன்றிரண்டு தலைமுறைக்குள் இது தலைகீழாக மாறியது. ரத்தம் அதேதான், மரபணுவும் அதேதான், மாறியது வாழும் விதம். அப்படியானால் ஒவ்வொரு புற்றுநோய்க்கும் உலகத்தில் எங்கே விகிதம் மிகக் குறைவோ, அந்த அளவுக்கு மற்ற இடங்களிலும் குறைக்க வழி இருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் யோசித்தார்கள். 1981-ல் ரிச்சர்ட் டால், ரிச்சர்ட் பீட்டோ என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் அமெரிக்கப் புற்றுநோய் மரணங்களைக் காரணம் காரணமாகப் பிரித்துப் போட்டார்கள். புகையிலைக்கு 30 சதவீதம். தொழிலிடத்துக்கு 4. காற்று, நீர் மாசுக்கு 2. உணவுக்கு 35, ஆனால் அது 10 ஆகவும் இருக்கலாம், 70 ஆகவும் இருக்கலாம் என்று பக்கத்திலேயே எழுதிவைத்தார்கள். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். பின்னால் வந்த கணக்குகளில் உணவின் பங்கு நன்றாகக் குறைந்தது, புகையிலையின் எண் மட்டும் அசையாமல் நின்றது.

உங்கள் மாமனார் விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. புகையிலையும் குடியும் சேர்ந்தால் வாயிலும் தொண்டையிலும் ஆபத்து கூட்டலாக ஏறாது, பெருக்கலாக ஏறும். இரண்டும் சேர்ந்து உண்டாக்கிய புற்றுநோயை, இரண்டில் ஒன்றை நிறுத்தியிருந்தாலும் தடுத்திருக்கலாம். அதனால் அது புகையிலைப் பட்டியலிலும் ஏறும், மதுப் பட்டியலிலும் ஏறும். இப்படி ஒவ்வொரு காரணத்துக்கும் தனித்தனியே போட்ட சதவீதங்களை யாராவது ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டினால் நூறைக்கூடத் தாண்டிவிடலாம். சில பேச்சாளர்கள் அப்படித்தான் கூட்டிவிட்டு "எல்லாப் புற்றுநோயையும் தடுக்கலாம்" என்று முடிக்கிறார்கள். முடியாது. செல்கள் பிரியும்போது தானாக நேரும் பிழைகளும், வயதும், பரம்பரையும் யார் கையிலும் இல்லை.

சரி, அக்காவுக்கு வருவோம். மார்பகப் புற்றுநோயில் தடுக்கக்கூடிய பங்கு குறைவு. பிரிட்டன் கணக்கிலேயே நான்கில் ஒன்றுக்கும் சற்றுக் கீழ்தான், அதிலும் குடியும், மாதவிடாய் நின்ற பிறகு கூடும் எடையும், ஹார்மோன் மாத்திரைகளும் வருகின்றன. உங்கள் அக்கா போன்ற பெண்ணிடம் இவற்றில் எத்தனை இருக்கப் போகிறது? பிள்ளை பெறாதது, தாமதமாகப் பெற்றது, தாய்ப்பால் கொடுத்த மாதங்கள் குறைந்தது இவையும் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டுவது உண்மை. ஒரு வருடம் தாய்ப்பால் கொடுத்தால் சுமார் 4 சதவீதம் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்தது. ஆனால் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் எப்போது நடந்தது, குழந்தை நின்றதா என்பதையெல்லாம் "தவிர்த்திருக்கலாம்" என்ற கணக்கில் எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். எது தவிர்க்கக்கூடியது என்று முடிவு செய்வது ஃபார்முலா இல்லை, மனிதர்கள்தான். ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்போது பக்கத்து ஆள் கேட்பதும், பார்க்க வரும் சொந்தக்காரர்கள் ஃப்ரிட்ஜில் வைத்த மாவு, பிளாஸ்டிக் டப்பா, இறுக்கமான உள்ளாடை என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிவிட்டுப் போவதும் எனக்குத் தெரியும். இறுக்கமான உள்ளாடையால் மார்பகப் புற்றுநோய் வராது. மாவாலும் வராது. யாராவது மறுபடி ஆரம்பித்தால், அக்கா பதில் சொல்ல வேண்டாம், நீங்கள் எழுந்து பேச்சை நிறுத்திவிடுங்கள்.

அக்காவுக்கு 50 வயதுக்குள் வந்திருப்பதால், மரபணுச் சோதனை அவசியமா என்று ஜிப்மரில் அவரைப் பார்க்கும் டாக்டரிடம் கேளுங்கள். மொத்த மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது 5 முதல் 10 சதவீதம்தான், ஆனாலும் கேட்டுவிடுவது நல்லது. உடன்பிறந்தவருக்கு வந்திருப்பதால் உங்களுக்கு ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. பயப்படுவதற்காக இல்லை, மார்பகப் பரிசோதனையைத் தள்ளிப்போடாமல் இருப்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்து சிப்காட். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டு பக்கமும் அவசரப்படுகிறார்கள். 2000 மடங்கு என்ற எண்ணை முதலில் எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு புற்றுநோய் வரலாம் என்பது தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் மதிப்பீடு. அதை 2000-ஆல் பெருக்கினால், ஒவ்வொருவருக்கும் இருநூறு தடவைக்கு மேல் புற்றுநோய் வர வேண்டும். அது நடக்காத காரியம். அப்படியென்றால் எதைவிட 2000 மடங்கு? காற்றில் அளந்த ரசாயனங்களை வைத்து, ஒருவர் வாழ்நாள் முழுக்க அதை மூச்சில் இழுத்தால் கூடுதலாக எவ்வளவு ஆபத்து என்று கணக்கிடுவது ஒரு முறை. அந்தக் கூடுதல் ஆபத்து பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு என்ற அளவுக்குள் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம் என்று ஓர் அளவுகோலை வைத்துக்கொள்வார்கள். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் 2000 மடங்கு என்பது பத்து லட்சத்தில் 2,000 பேர். ஆயிரத்துக்கு இரண்டு பேர், அதாவது 500 பேரில் ஒருவர்.

உங்கள் தெரு 120 வீடு, ஆக சுமார் 500 பேர். நாட்டில் வருடத்துக்கு லட்சம் பேரில் சுமார் 100 பேருக்குப் புற்றுநோய் வருகிறது. 500 பேருக்கு வருடத்துக்கு அரை, பத்து வருடத்துக்கு 5. தமிழ்நாட்டில் வயதானவர்கள் அதிகம் என்பதால் இன்னும் சற்றுக் கூடவே எதிர்பார்க்க வேண்டும். உங்கள் தெருவில் வந்தது 6. எந்தத் தொழிற்சாலையும் இல்லாத ஒரு தெருவிலும் இந்த எண் வந்திருக்கும். காற்றால் வாழ்நாள் முழுவதிலும் கூடுதலாக வரக்கூடிய அந்த ஒருவரை இந்த ஆறு பேருக்குள் தேடிக் கண்டுபிடிக்கவே முடியாது.

இதை வைத்து "அப்போ சிப்காட்டால் ஒன்றும் இல்லை" என்று யாராவது சொன்னால், அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். மூன்று காரணம் சொல்கிறேன். ஒன்று, பத்து லட்சத்தில் ஒருவர் என்று வைத்த வரம்பை 2000 மடங்கு தாண்டுவது மனசாட்சிப்படி பெரிய விஷயம். இரண்டு, அளந்த ரசாயனம்தான் கணக்கில் வரும், அளக்காதது வராது. ராத்திரி இரண்டு மணிக்கு வரும் வாடையை யாரும் அளக்கவில்லை என்றால் அது பூஜ்யம் என்றுதான் எழுதப்படும். மூன்றாவது, எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது: டால், பீட்டோ போட்ட அந்த 2 சதவீதம் ஒரு முழு நாட்டின் சராசரி. கோடிக்கணக்கான பேருக்குப் பிரித்தால் சிறிதாகத் தெரியும் சுமை, வேலி ஓரத்தில் இருக்கும் நாலு ஊர்களின் தலையில் இறங்கியிருக்கும். ஆலைக்குள் ஒப்பந்தக் கூலியாக வேலை செய்கிறவருக்கு அது இன்னும் பல மடங்கு. பென்சீன், வினைல் குளோரைடு, ஃபார்மால்டிஹைடு இவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பதில் சந்தேகமே கிடையாது.

அதனால் புகையிலையா சிப்காட்டா என்று தராசில் வைக்க வேண்டியதில்லை. உங்கள் கணவர் அந்தப் பாக்கெட்டைக் கீழே வைக்க முடியும். காற்றைக் கீழே வைக்க யாராலும் முடியாது. நம்மால் மாற்ற முடிந்ததை வீட்டுக்குள் மாற்றுவோம், முடியாததை மாற்றும்படி ஆலையையும் அரசையும் கேட்போம். உங்கள் பகுதியில் அதற்கு முன்மாதிரியே உண்டு. 2004 வாக்கில் சிப்காட் சுற்றுவட்டார மக்களே எந்த நேரத்தில், எந்தத் திசையிலிருந்து, என்ன மாதிரி வாடை வருகிறது என்று குறித்துவைத்து, வாளியில் அமைத்த எளிய கருவியில் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். தேதி, நேரம், காற்றின் திசை என்று ஒரு நோட்டில் எழுதிவைத்து, அதோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் கொடுக்கும் மனுவுக்குத் தெருவில் ஆறு பேர் என்று சொல்வதைவிடப் பலம் அதிகம். உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல புள்ளியியல் பாடம் கிடைக்காது.

இனி உங்கள் கணவர். "அந்தத் தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் போயிலை போட்டாரு, ஒண்ணும் ஆகல" என்று அவர் சொல்லியிருப்பார், சொல்லாமல் இருக்க மாட்டார். அவர் பொய் சொல்லவில்லை. மேலே போட்ட கணக்கிலேயே புகையிலை போட்ட 2,000 பேரில் 1,990 பேருக்கு அந்த வருடங்களில் ஒன்றும் வரவில்லை. கடலூர் - புதுவை ரோட்டில் ஹெல்மெட் இல்லாமல் போகிறவர்களில் பெரும்பாலோர் வீடு போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்தான், அதனால் யாரும் ஹெல்மெட் வீண் என்று சொல்வதில்லை. தலையெழுத்து என்று ஒன்று இருந்தாலும், ஆயிரத்துக்கு ஒன்றை ஆயிரத்துக்கு ஐந்தாக்கும் வேலையை அந்தப் பாக்கெட்தான் செய்கிறது.

பேச்சை விட்டுவிட்டு, நாளைக் காலையில் வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் அவரைக் கண்ணாடி முன் நிற்கச் சொல்லுங்கள். வாயை முழுதாகத் திறந்து, தன் விரல் மூன்றைச் செங்குத்தாக அடுக்கி உள்ளே வைக்க முடிகிறதா என்று பார்க்கட்டும். மூன்று விரல் நுழையாமல் வாய் இறுகியிருந்தால் அது பெரும்பாலும் பாக்கு செய்த வேலை, டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். அப்புறம் கீழுதட்டை இழுத்துப் பிடித்து, தினமும் எந்த இடத்தில் ஒதுக்குகிறாரோ அந்த இடத்தைப் பாருங்கள். துறைமுகப் பக்கம் முகாம் போடும்போது, படகில் காற்றுக்கு நடுவே பீடி பற்றவைப்பதைவிட வாயில் புகையிலை ஒதுக்குவது சுலபம் என்று சொல்லும் மீனவர்கள் நிறைய வருவார்கள். உதட்டை இழுத்தால் சரியாக அந்தப் பள்ளத்தில் மட்டும் தோல் வெளுத்து, தண்ணீரில் ஊறிய விரல் மாதிரிச் சுருங்கியிருக்கும். ஒரு விரல்கடை தள்ளினால் ரோஜா நிறத்தில் ஆரோக்கியமாக இருக்கும். புகையிலை பட்ட இடம், படாத இடம் இரண்டும் ஒரே வாயில் அடுத்தடுத்துத் தெரிவதைப் பார்த்த பிறகு தலையெழுத்து என்று சொல்ல அவர்களுக்கே வாய் வருவதில்லை. வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், இவற்றில் எது இருந்தாலும் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ ஜிப்மரிலோ காட்டிவிடுங்கள். பழக்கம் உள்ளவர்களின் வாயை இப்படி வீடு வீடாகப் போய்ப் பார்த்ததில், வாய்ப் புற்றுநோய் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று திருவனந்தபுரத்தில் நடந்த பெரிய ஆய்வு 2005-ல் காட்டியது.

புகையிலையை விட்டுவிட்டு வெறும் பாக்கு மட்டும் போடுகிறேன் என்றால் விடாதீர்கள். புகையிலை சேராத பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-லேயே சொல்லிவிட்டது. விட முடியவில்லை என்று அவர் தவித்தால் 1800 112 356 என்ற தேசிய இலவச எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள். விட்ட மறுநாளே ஆபத்து இறங்கிவிடாது, வருடம் வருடமாகத்தான் இறங்கும், ஆனால் நிச்சயமாக இறங்கும். குடியும் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. புதுவை எல்லையில் இருக்கும் முள்ளோடையும் கன்னியக்கோயிலும் அதிக தூரம் இல்லை என்பதால் கேட்கிறேன். புதுவைச் சரக்கு விலை குறைவு என்பதால் ஈரலுக்கோ தொண்டைக்கோ கெடுதல் குறைவதில்லை. மார்பகப் புற்றுநோய்க்கும் மது ஒரு காரணம் என்பது பலருக்கும் தெரியாது. புற்றுநோய் விஷயத்தில் இவ்வளவு வரை குடிக்கலாம் என்று ஓர் அளவு கிடையாது.

கடைசியாக நீங்களும் மகளும். கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய முழுக்க முழுக்க எச்பிவி என்ற வைரஸால் வருவது. நான் மேலே போட்ட கணக்கை இதற்குப் போட்டால் விடை நூறை ஒட்டி வரும். இங்கிலாந்தில் 12, 13 வயதில் தடுப்பூசி வாய்ப்புக் கிடைத்த பெண்களிடம் இந்தப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்திருந்தது. உங்கள் மகளுக்கு 13 வயது, சரியான வயது. வெளிநாட்டு ஊசி மட்டும்தான் என்ற நிலையும் மாறி, 2023-லிருந்து நம் நாட்டிலேயே தயாராகும் ஊசியும் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் குழந்தைகள் டாக்டரிடம் போடலாம். இந்த வயதில் ஒன்றோ இரண்டோ ஊசியில் முடிந்துவிடும். 15 தாண்டினால் எண்ணிக்கை கூடலாம், அதனால் பெரிய பரீட்சை முடியட்டும், பூப்புனித நீராட்டு முடியட்டும் என்று தள்ள வேண்டாம்.

உங்களுக்கு 41. இந்த வயதில் ஊசியால் பெரிய பலன் இருக்காது, பரிசோதனையால் உண்டு. கர்ப்பப்பைவாயில் அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்க்கும் பரிசோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு இதை ஒரே ஒரு முறை செய்ததில் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய் மரணம் 35 சதவீதம் குறைந்தது, 2007-ல் வெளிவந்த அந்த ஆய்வை உலகமே எடுத்துக்காட்டுகிறது. அதே நாளில் மார்பகத்தையும் பார்த்துவிடுவார்கள். அக்காவுக்கு வந்திருக்கிறது என்பதை மறக்காமல் அங்கே சொல்லுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போனால் ஊசி விஷயத்தையும் ஒரே நடையில் கேட்டுக்கொண்டு வரலாம்.